கதவு சாத்தியிருந்தபோது கண்ணில் பட்ட புன்னை

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் மயிலாப்பூரில் யாருக்கும் வீடு தங்காது. கொடியேற்றம், அதிகார நந்தி, தேர், அறுபத்துமூவர் என்று பத்து நாளும் மாடவீதியிலேயே ஜீவனம். சமையலைக்கூடக் காலையிலேயே முடித்து மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

2020-ம் வருடப் பங்குனியை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. கோயில் கதவு சாத்தியாகிவிட்டது. உள்ளே அர்ச்சகர்கள் நித்திய பூஜைகளைக் குறைவில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள் என்பது ஓர் ஆறுதல். ஆனால் நாம் வெளியே! கபாலீஸ்வரர் வீதிக்கு வரவில்லை. நாமும் வீதிக்குப் போக முடியவில்லை. மதுரையில் மே மாதம் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைக்கூட வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்த்துத்தான் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டோம். அந்த வருடம் அழகர் வைகையில் இறங்கவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த நாட்களில் உங்களுக்கு அதிகமாக வலித்தது எது? "வீட்டிலேயே அடைஞ்சு கிடக்கிறோமே" என்று ஆண்கள் புலம்பியபோது, நம்மில் பலர் மனசுக்குள் சிரித்துக்கொண்டோம். நமக்கு அது புதிதா என்ன! ஆனால் ஒன்றே ஒன்று போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், பிள்ளையின் டியூஷனுக்காகவோ காய்கறிக்காகவோ இல்லாமல், நமக்கே நமக்கென்று வீட்டுப் படியை இறங்கும் அந்த ஒரு மணி நேரம். "கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்றால் யாரும் ஏன் என்று கேட்காத ஒரு மணி நேரம். தெய்வ தரிசனத்தோடு அதையும் சேர்த்துத்தான் இழந்தோம். இதைச் சொல்வதில் பக்திக் குறைவு ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

என் பாடு இன்னும் வேடிக்கை. வாரத்துக்கு ஒரு கோயில் என்று பேருந்திலும் ஆட்டோவிலும் ஓடி, தலபுராணம் கேட்டு எழுதுகிற பிழைப்பு எனக்கு. கோயில் எல்லாம் மூடினால் எதை எழுதுவது? கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பழைய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் என்னவெல்லாம் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? வெனிஸ் நகரக் கால்வாயில் டால்பின் துள்ளுகிறது, அன்னம் நீந்துகிறது, பூமாதேவி மூச்சு விடுகிறாள் என்று. நானும் பத்துப் பேருக்கு அனுப்பி வைத்தேன். பிறகு தெரிந்தது, அந்த டால்பின் வெனிஸிலேயே இல்லை. சார்டீனியா என்ற தீவின் துறைமுகத்தில் எடுத்த படம். அன்னங்கள் எப்போதும் இருக்கிற இடத்தில் இருந்தவைதான். வெனிஸ் கால்வாயை வியந்துகொண்டிருந்த எனக்கு, என் வீட்டு வாசலில் நடந்தது முதலில் கண்ணிலேயே படவில்லை. அதைக் காட்டியவை எறும்புகள்.

கோலமாவு விற்பவர் தெருவுக்கு வர முடியவில்லை. டப்பாவில் இருந்தது நாலே நாளில் காலி. "கோலம் போடாம வாசலை எப்படி விடறது?" என்று அத்தை ரேஷன் பச்சரிசியை ஊறவைத்து, உலர்த்தி, மிக்ஸியில் அரைத்துக் கொடுத்தார். நாகப்பட்டினம் பக்கம் கடலோர கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். அவர் காலத்தில் கோலம் என்றாலே அரிசி மாவுதான்.

காலை ஆறு மணிக்குப் போட்ட கோலம் பத்து மணிக்குப் பாதி இல்லை! சுவரின் விரிசலிலிருந்து வரிசையாகப் பிள்ளையார் எறும்புகள். ஒவ்வொன்றும் ஒரு பொடியைத் தூக்கிக்கொண்டு, எதிரே வருவதை முகத்தோடு முகம் தொட்டு விசாரித்துவிட்டுப் போகிறது. என் மகள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் தெரியுமா? இல்லறத்தார் அன்றாடம் செய்ய வேண்டியவை என்று தர்ம சாஸ்திரம் ஐந்து யக்ஞங்களைச் சொல்கிறது. வேதம் ஓதுவது பிரம்ம யக்ஞம், தெய்வத்துக்குச் செய்வது தேவ யக்ஞம், முன்னோருக்குச் செய்வது பித்ரு யக்ஞம், மற்ற உயிர்களுக்கு உணவிடுவது பூத யக்ஞம், வருகிற மனிதரை உபசரிப்பது மனுஷ்ய யக்ஞம். அரிசி மாவுக் கோலமும் காக்கைக்கு வைக்கும் சோறும் பூத யக்ஞம் என்று நானே இரண்டு முறை கட்டுரை எழுதியிருக்கிறேன். அதை எழுதிய நாட்களில் என் வாசலில் இருந்தது கல்மாவு! எறும்பு வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கும். நான் அதைப் பார்க்கக்கூட இல்லை.

அடுத்தது மரம். எங்கள் தெருமுனையில் ஒரு மரம் உண்டு. அதன் நிழலில்தான் ஸ்கூட்டியை நிறுத்துவேன். எனக்கு அது 'ஸ்கூட்டி மரம்', அவ்வளவுதான். சித்திரையில் ஒரு நாள் பால் வாங்கப் போனபோது கீழே வெள்ளைப் பூ உதிர்ந்திருந்தது. நடுவில் மஞ்சளாகக் குஞ்சம். மணம் என்றால் அப்படி ஒரு மணம். கைநிறைய எடுத்து வந்து அத்தையிடம் காட்டினேன்.

"இது புன்னைல்ல? இது கூடத் தெரியாதா உனக்கு? எங்க ஊர்ல கடக்கரை பூரா இதான். புன்னங்கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுத்துத்தான் விளக்கு ஏத்துவோம். பசங்க கொட்டையை வச்சு கோலி ஆடும்" என்றார்.

புன்னை! மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் தலவிருட்சம். அம்பிகை மயிலாக வந்து ஈசனைப் பூஜித்தது புன்னை மரத்தடியில்தானே? அங்கே புன்னைவன நாதர் சந்நிதியை எத்தனை ஆண்டுகளாகச் சுற்றி வருகிறேன்! மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன், வேண்டிக்கொள்கிறேன், தலபுராணத்தை மூச்சு விடாமல் சொல்கிறேன். அதே மரம் தெருவில் நின்றபோது அடையாளம் தெரியவில்லை. அது எப்போது பூக்கும், இலை எப்படி இருக்கும், எதற்கும் பதில் தெரியாது. இத்தனைக்கும் நான் தமிழ் படித்தவள். நெய்தல் நிலத்துக்குப் புன்னை என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்!

நீங்களும் ஒரு முறை யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊர்க் கோயிலின் தலவிருட்சம் எது என்று கேட்டால் சொல்லிவிடுவீர்கள். திருவான்மியூருக்கு வன்னி, திருவொற்றியூருக்கு மகிழம், காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா, திருவானைக்காவுக்கு வெண்ணாவல். ஆனால் வேலி இல்லாமல், சந்தனம் குங்குமம் இல்லாமல் அந்த மரம் பஸ் ஸ்டாப்பில் நின்றால் தெரியுமா? தலவிருட்சம் என்று ஒன்றை நம் முன்னோர் வைத்தது அந்த ஒரு மரத்தைக் கும்பிட்டுவிட்டு மற்றதை மறக்கவா? மதுரை கடம்ப வனமாக இருந்தது, தில்லை தில்லை மரக் காடாக இருந்தது என்றுதான் புராணமே தொடங்குகிறது. காடு போய், காட்டின் சாட்சியாக ஒரு மரம் மதிலுக்குள் நிற்கிறது.

மூன்றாவதாக நான் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம்.

எங்கள் பால்கனியில் ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் புறாக்கள் கூடு கட்டும். கூடு என்றால் என்ன, நாலு குச்சி, இரண்டு துடைப்பக் குச்சி. எச்சம் நாறும். வருடா வருடம் துடைப்பத்தால் தள்ளிவிடுவேன். ஒரு தடவை முட்டையோடு தள்ளினேன். அன்று வெள்ளிக்கிழமை. தள்ளிவிட்டு, தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய் நெய்விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். அன்று மனசு துளிகூட உறுத்தவில்லை. இதை எழுதும்போதுதான் உறுத்துகிறது.

2020-ல் நான் தள்ளவில்லை. கருணை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அது இல்லை. நாள் முழுக்க அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் என் மேஜை. பார்த்துவிட்டேன், பார்த்த பிறகு கை வரவில்லை. முட்டை இரண்டு. ராத்திரி முழுக்கப் பெண் புறா உட்காருகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்கு ஆண் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்கிறது. சாயங்காலம் வரை அதன் முறை. கிட்டத்தட்ட பதினெட்டாம் நாள் குஞ்சு வந்தது. தாய், தகப்பன் இரண்டுக்குமே தொண்டைப் பையில் பால் போல் ஒன்று சுரந்து, இரண்டுமே ஊட்டுகின்றன. இந்த இடத்தில் என் கணவரைக் கூப்பிட்டு, "வந்து பாருங்க" என்று காட்டினேன். அன்றைக்கு அவர்தான் பாத்திரம் தேய்த்தார்!

மாடி வீட்டு மாமி ஒரு நாள் மேலிருந்து எட்டிப் பார்த்து, "ஏண்டிம்மா, விளக்கேத்தற நேரத்துல ஸ்வாமியை விட்டுட்டுப் புறாவைப் பார்த்துண்டு நிக்கறே?" என்றார். கோபத்தில் கேட்டதில்லை, நிஜமாகவே கேட்டார். நானும் அதையேதான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கோயில் மூடியிருந்தபோது மரத்தையும் எறும்பையும் புறாவையும் பார்த்தோமே, அது பக்தியா? அல்லது பொழுது போகாமல் செய்த வேலையா?

பாகவதத்தின் பதினோராவது ஸ்கந்தத்தில் ஓர் அவதூதர் வருகிறார். யது மகாராஜா அவரைப் பார்த்து, "உமக்கு இந்த ஆனந்தத்தைக் கற்றுத்தந்த குரு யார்?" என்று கேட்கிறான். அவர் இருபத்து நான்கு குருமார்களைச் சொல்கிறார். பூமி, காற்று, கடல், மலைப்பாம்பு, தேனீ, சிலந்தி, மீன்... அந்தப் பட்டியலில் புறாவும் உண்டு. ஒரு குமரிப் பெண்ணும் உண்டு. வீட்டில் யாரும் இல்லாதபோது வந்த விருந்தினருக்காகத் தனியே நெல் குத்தினாள். வளையல் சத்தம் வெளியே கேட்கிறதே என்று கூசி, கைக்கு ஒன்றாகக் குறைத்தாள். வீட்டுக்குள் வேலை செய்த ஒரு பெண் ஞானிக்கு குரு! நமக்குப் பெருமைதானே?

புறாவிடம் அவர் கற்றது என்ன? வேடன் வலையில் குஞ்சுகள் சிக்கின. தாய்ப்புறா துடித்துப் போய்த் தானும் வலையில் விழுந்தது. பிறகு தகப்பனும் விழுந்தது. அளவு மீறிய பாசம் அழிவு என்பது அவர் எடுத்துக்கொண்ட பாடம். பெரியவர்கள் சொன்னதை மறுக்க எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு வேறொன்று தோன்றியது. அந்தப் பாடத்தைச் சொல்வதற்கு முன்னால், அவர் அந்த மரத்தடியில் எத்தனை நாள் நின்றிருக்க வேண்டும்! கூடு கட்டியதை, முட்டை இட்டதை, குஞ்சு கொஞ்சியதை எல்லாம் பார்த்தவர்தானே கடைசியில் வலையையும் பார்த்தார்? பாடம் பிறகு வந்தது, முதலில் நின்று பார்த்தார். நான் புராணத்திலிருந்து பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பார்ப்பதை விட்டுவிட்டேன். அதனால் மாமிக்கு என் பதில், "விளக்கு ஏத்திட்டுத்தான் மாமி பார்க்கறேன்" என்பதுதான். அது முழுப் பதில் ஆகாது என்று எனக்கே தெரியும்.

இன்னொரு சேதி. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு குருவி இனத்தை ஆய்வாளர்கள் பல வருடங்களாகக் கவனித்து வருகிறார்கள். 2020 ஊரடங்கில் வண்டிச் சத்தம் அடங்கியதும் அந்தக் குருவிகள் குரலைத் தாழ்த்திப் பாடினவாம்! ஆனால் அந்தப் பாட்டு முன்பைவிட அதிக தூரம் கேட்டது. இரைச்சல் இருந்த வரை அவையும் கத்தித்தான் பாடியிருக்கின்றன. மிக்ஸி, டி.வி., குக்கர் விசிலுக்கு மேலே "சாப்பிட வாங்க" என்று கத்திக் கத்தியே குரல் தடித்துப்போன நமக்கு இது நன்றாகப் புரியும்.

சரி, நம் கேள்விக்கு வருவோம். கட்டிப்போட்டால்தான் கண் திறக்கும் என்றால் அந்தப் பார்வைக்கு என்ன மதிப்பு? நேரம் இருந்தால் வரும் இரக்கம், நேரம் போனதும் போய்விடாதா?

நம் மரபில் கட்டுப்பாடு என்பதே விரதம்தான். அதில் சாதுர்மாஸ்யம் என்று ஒன்று உண்டு. எப்போதும் ஊர் ஊராகச் சஞ்சரிக்க வேண்டிய சந்நியாசிகள், வியாச பௌர்ணமி அன்று வியாச பூஜை செய்து, ஒரே இடத்தில் தங்குவார்கள். நான்கு மாதம் என்பது கணக்கு. ஒரு பட்சத்தை ஒரு மாதமாகக் கொண்டு இரண்டு மாதம் இருப்பதும் வழக்கம். ஏன் தங்குகிறார்கள்? மழைக்காலத்தில் தரையெங்கும் புழு பூச்சிகள் ஊரும், முளைகள் கிளம்பும். நடந்தால் அவை காலில் மிதிபடும். (நமக்கு மழை ஐப்பசியில், இந்தக் கணக்கு வடக்கின் மழையை ஒட்டியது.) சமண முனிவர்களுக்கும் பௌத்தத் துறவிகளுக்கும் இதே போல மழைக்கால வாசம் உண்டு.

யோசித்துப் பாருங்கள், காலடியில் ஒரு புழு சாகக்கூடாது என்பதற்காகத் தன்னைத் தானே அடைத்துக்கொள்வது! நம் ஊரடங்கு நம் உயிருக்குப் பயந்து, அரசாங்கம் சொல்லி, நாம் உள்ளே போனது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. நான் ஊரடங்கைத் தவம் என்று சொல்லப்போவதில்லை. அப்படி எழுதியவர்களையும் படித்தேன். அந்த வாரமே, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்த வடநாட்டுத் தொழிலாளர்களின் படங்களும் பத்திரிகையில் வந்தன. அவர்களிடம் போய்ப் புன்னைப் பூவைப் பற்றிப் பேச முடியுமா?

சாதுர்மாஸ்யத்தில் இன்னொரு பாதி இருக்கிறது. சந்நியாசி ஓரிடத்தில் அமர்ந்திருக்க வேண்டுமானால், யாரோ ஓர் இல்லத்தரசி அடுப்பெரித்துப் பிட்சை போட வேண்டும். ஒருவர் அசையாமல் இருப்பதற்கு இன்னொருவர் அசைந்தாக வேண்டும். என் ஜன்னலோர தரிசனத்துக்கும் அப்படி யாரோ விலை கொடுத்தார்கள். பால் பாக்கெட் கொண்டுவந்தவர், குப்பை அள்ளியவர், காய்கறி வண்டி தள்ளியவர். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. பிறகு ஒருவர் சொல்லித்தான் உறைத்தது.

2020 செப்டம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் பெரிய கோயில்கள் திறந்தன. மாஸ்க் போட்டு, தள்ளித் தள்ளி நின்று, கபாலியைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. புன்னை மரத்தடியில் நின்றேன். இலையின் நரம்புகள் நெருக்கமாக, சீப்பின் பல் போல இருப்பதை முதன்முதலாகக் கவனித்தேன்.

வெளியே வந்தால் வழக்கமான பூக்காரம்மா. பத்து வருடமாக அவரிடம்தான் பூ வாங்குகிறேன். பாதியாக இளைத்திருந்தார். நலம் விசாரித்தேன். சந்தோஷத்தில், புன்னை பூத்தது, புறா குஞ்சு பொரித்தது என்று நானும் என் கதையைச் சொன்னேன். அவர் மல்லிகையை முழம் போட்டுக்கொண்டே சொன்னார்: "உனுக்கு மரம் பாக்க நேரம் கெடச்சுது கண்ணு. எனுக்கு அஞ்சு மாசம் பூவே கெடைக்கல."

குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கால் நகரவில்லை. அவர் வீடு எங்கள் தெருவிலிருந்து நாலாவது தெரு. அது கூட அன்றைக்குக் கேட்டுத்தான் தெரியும். ஐந்து மாதம் அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. எறும்பு எந்த விரிசலிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டேன். புறாவின் ஷிப்ட் நேரம் தெரிந்துகொண்டேன். பூத யக்ஞம், பூத யக்ஞம் என்று பூரித்தேனே, ஐந்தில் மனுஷ்ய யக்ஞம் என்று ஒன்று இருந்ததை மறந்தேவிட்டேன்.

அதனால் நான் பார்த்தது பொய்யாகிவிடுமா? நிறைய நாள் யோசித்தேன். இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். புன்னை பூத்தது நிஜம். ஆனால் கிட்டே இருப்பதைப் பார்க்கத் தொடங்கினால், 'கிட்டே' என்பது எதுவரை என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. பால்கனி வரையா, தெருமுனை வரையா, நாலாவது தெரு வரையா? எனக்குப் பிடித்த இடத்தில் நான் கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

2021-ல் இரண்டாவது அலை வந்து மறுபடியும் கோயில்கள் மூடின. ஏப்ரல் கடைசி முதல் ஜூலை முதல் வாரம் வரை. இந்த முறை அரிசி, பருப்போடு நாலாவது தெருவுக்குப் போனேன். இதைச் சொல்லிக்கொள்வது அழகில்லைதான். முதல் தடவை போகாததைச் சொன்னபின் இதை மறைப்பானேன்? பூக்காரம்மா வாங்கிக்கொண்டு, "இன்னா திடீர்னு?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

புறாக்கள் விஷயமும் நேராக முடியவில்லை. மகளுக்கு இருமல் விடாமல் இருக்க, புறா எச்சம் நுரையீரலுக்கு ஆகாது, பால்கனிக்கு வலை அடியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலை அடிப்பவர் வந்த அன்று கூட்டில் குஞ்சுகள் இருந்தன. "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றேன். "புறாவுக்காகவாம்மா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். குஞ்சுகள் பறந்த பிறகு வலை அடித்தோம். பெரிய புறாக்கள் இரண்டு நாள் வலைக்கு வெளியே வந்து மோதிப் பார்த்தன. அந்த இரண்டு நாளும் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கோலமாவு விற்பவர் மறுபடி தெருவுக்கு வருகிறார். அரிசி மாவுதான் தர்மம் என்று நான் அவரிடம் வாங்காமல் விட்டால் அவர் பிழைப்பு? அத்தையிடம் கேட்டேன். "வாரத்துல பாதி அது, பாதி இது. அவ்வளவுதானே?" என்று முடித்துவிட்டார். அப்படித்தான் போகிறது. எறும்புகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு தெரியாது. கல்மாவு போட்ட நாளிலும் அவை வரிசையாக வருகின்றன.